வைசூரியை ஒழித்தது யார்? – கமுதிப் பங்குனியும் உலக சுகாதார தினமும்

பங்குனி மாதம் பிறந்துவிட்டால் இராமநாதபுரம் ஜில்லா கமுதி ஊருக்கு ஒரு தனிக் களை வந்துவிடுகின்றது. முத்துமாரியம்மன் கோயில் பொங்கல் விழா என்பதாகச் சொல்லிக்கொண்டு சுற்றுப்பக்கத்துக் கிராமத்து மக்கள் எல்லாம் கூட்டங்கூட்டமாக வந்து சேருகின்றார்கள். பால்குடம் எடுப்பவர்கள் ஒரு பக்கம். அக்கினிச் சட்டி ஏந்துபவர்கள் ஒரு பக்கம். இவற்றுக்கெல்லாம் மேலாகச் "சேத்தாண்டி வேடம்" என்று ஒன்று நடக்கின்றது. தலை முதல் கால் வரையில் சேற்றைப் பூசிக்கொண்டு, ஆண் என்றும் சிறுவர் என்றும் பேதமில்லாமல் வீதியில் ஆடிக்கொண்டு வருகின்றார்கள். எதற்காக என்று கேட்டால், அம்மை முதலிய நோய் நொடிகள் அண்டாமல் இருப்பதற்காக ஆத்தாளுக்கு நேர்ந்துகொண்டது என்று பதில் வருகின்றது.

இதே பங்குனியில் உலகத்தார் வேறு ஒரு நாளையும் கொண்டாடுகின்றார்கள். அதுதான் ஏப்ரல் மாதம் 7-ந் தேதி, உலக சுகாதார தினம். 1948-ம் வருஷம் ஏப்ரல் 7-ந் தேதியன்று உலக சுகாதார ஸ்தாபனத்தின் சட்டதிட்டம் அமுலுக்கு வந்தது. அந்த நாளை ஞாபகப்படுத்திக்கொள்ளும் பொருட்டு 1950 முதல் வருஷந்தோறும் அத்தேதியில் உலகமெங்கும் இத்தினம் நடத்தப்பட்டு வருகின்றது. அதற்கு முன்னே, பங்குனி பிறந்து பத்து நாள் ஆகும்போது, மார்ச்சு 24-ந் தேதி உலகக் காசநோய் தினம் வருகின்றது. 1882-ம் வருஷம் அதே தேதியில்தான் ராபர்ட் காக் என்னும் ஜெர்மானியர் காசநோய்க்குக் காரணமான கிருமியைக் கண்டுபிடித்ததாகப் பெர்லின் நகரத்தில் வெளியிட்டார்.

ஆகவே கமுதியில் இருப்பவர்களுக்குப் பங்குனியில் இரண்டு வழி தெரிகின்றது. ஒன்று சேற்றைப் பூசிக்கொள்ளுகின்ற வழி. மற்றொன்று ஊசி போட்டுக்கொள்ளுகின்ற வழி. இரண்டில் எந்த வழி வைசூரியை ஒழித்தது என்று நாம் கேட்கின்றோம். இது விதண்டாவாதத்துக்காகக் கேட்கின்ற கேள்வி அல்ல. இன்றைக்கும் இந்தக் கேள்விக்குத் தப்பான பதிலை மனதில் வைத்திருப்பதனால் குழந்தைகள் கெடுகின்றன என்பதாலேயே கேட்கின்றோம்.

வைசூரி என்றால் என்ன என்பதே இன்றைய வாலிபர்களுக்குத் தெரியாது. தெரியாமல் இருப்பது அவர்களுடைய பாக்கியம் என்றே சொல்லுவோம். பெரியம்மை என்கின்ற அந்த நோய் கண்டவர்களில் நூற்றுக்கு முப்பது பேர் வாக்கில் மாண்டு போனார்கள். தப்பினவர்களில் எத்தனையோ பேருக்குக் கண் போயிற்று. முகமெல்லாம் குழி விழுந்தது. இருபதாம் நூற்றாண்டில் மாத்திரம் உலகத்தில் சுமார் 30 கோடிப் பேரை அது கொண்டுபோயிற்று என்று கணக்குச் சொல்லுகின்றார்கள். இரண்டு உலக யுத்தங்களிலும் செத்தவர்களைச் சேர்த்துக் கூட்டினாலும் அத்தனை பேர் வரமாட்டார்கள்.

இப்பேர்ப்பட்ட ஒரு கொலைகார நோய்க்கு நம் நாட்டார் என்ன பெயர் வைத்தார்கள்? "அம்மை" என்று வைத்தார்கள். நோய் வந்தால் "ஆத்தாள் இறங்கியிருக்கின்றாள்" என்றார்கள். முத்து முத்தாகக் கொப்புளம் போட்டால் "முத்துப் போட்டு விளையாடுகின்றாள்" என்றார்கள். பெற்ற பிள்ளை நெருப்பாய்க் காய்ந்து துடிக்கும்போது, அதைக் கொல்ல வந்ததைத் தாய் என்று கும்பிட்டு, கூழ் ஊற்றி, கோழி அறுத்து, "மனம் குளிர்ந்து இறங்கிப் போ" என்று கெஞ்சினார்கள். வைத்தியனைக் கூப்பிட்டால் அவள் கோபித்துக்கொள்ளுவாள் என்று பயந்து வைத்தியமும் செய்யவில்லை. பிள்ளை பிழைத்தால் ஆத்தாளின் கருணை. செத்தால் நேர்த்திக்கடனில் ஏதோ குறை. இரண்டு பக்கத்திலும் ஆத்தாளுக்கு ஜெயம். பிள்ளையைப் பறிகொடுத்த ஏழைக்குத்தான் தோல்வி.

மற்றொரு பக்கத்தில் என்ன நடந்தது என்பதையும் பாருங்கள். 1796-ம் வருஷம் மே மாதம் 14-ந் தேதி இங்கிலாந்து தேசத்தில் எட்வர்டு ஜென்னர் என்கின்ற ஒரு நாட்டுப்புறத்து வைத்தியர், மாட்டு அம்மை கண்ட ஒரு பால்காரப் பெண்ணின் கைக்கொப்புளத்திலிருந்து சீழ் எடுத்து ஒரு சிறுவனின் கையில் கீறி வைத்தார். பிறகு அச்சிறுவனுக்குப் பெரியம்மைச் சீழையே வைத்துப் பார்த்தும் நோய் பற்றவில்லை. இந்த யோசனை அவருக்கு எந்தத் தெய்வமும் கனவில் வந்து சொன்னது அல்ல. மாட்டு அம்மை கண்ட பால்காரிகளுக்குப் பெரியம்மை வருவதில்லை என்று நாட்டுப்புறத்து ஜனங்கள் பேசிக்கொண்டதைக் காதில் வாங்கி, அது நிஜமா பொய்யா என்று சோதித்துப் பார்த்தார். அவ்வளவுதான். கேட்டதை நம்பாமலும் தள்ளாமலும் சோதித்துப் பார்ப்பதற்குத்தான் பகுத்தறிவு என்று பெயர்.

சுமார் ஆறு வருஷத்தில், 1802-ம் வருஷம் ஜூன் மாதத்தில், பம்பாயில் மூன்று வயதுப் பெண் குழந்தை ஒன்றுக்கு அம்மை குத்தப்பட்டது. இந்தியாவில் அதுதான் முதலாவது. அதிலிருந்து மற்ற மாகாணங்களுக்கும் பரவிற்று. 1899-ல் சென்னைக்கடுத்த கிண்டியில் அம்மைப்பால் தயாரிப்பதற்கென்றே தொடங்கப்பட்டதுதான் இன்றைக்கும் இருக்கின்ற கிங் இன்ஸ்டிடியூட் ஸ்தாபனம். கன்றுக்குட்டிகளின் தோலிலிருந்து அம்மைப்பால் எடுக்கப்பட்டது. கோமியம் குடித்தால் பாவம் போகும் என்று நம்பிய நம்மவர்கள், பசுவினிடத்திலிருந்து வந்த அம்மைப்பால் உடம்பில் பட்டால் ஆசாரம் கெட்டுப்போகும் என்று சொல்லி ஓடி ஒளிந்தார்கள். அம்மை குத்துகிறவர் ஊருக்குள் வருகின்றார் என்றால் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு தாய்மார்கள் காட்டுக்குள் போய்விடுவார்கள் என்பது பழைய காலத்து மனிதர்கள் அறிந்த சங்கதி.

இந்தப் பைத்தியக்காரத்தனம் தமிழனுக்கு மாத்திரம் சொந்தம் என்று நாம் சொல்ல வரவில்லை. ஜென்னர் பிறந்த இங்கிலாந்திலேயே அம்மை குத்தக்கூடாது என்று சங்கம் வைத்து ஊர்வலம் விட்டார்கள். படித்தவர்களும் அதில் சேர்ந்திருந்தார்கள். நம் நாட்டில் காந்தியாரே ஆரோக்கியத்தைப் பற்றித் தாம் எழுதிய புத்தகத்தில் அம்மை குத்துவதை எதிர்த்து எழுதினார். அதே காந்தியார் சேவாகிராமத்தில் குஷ்டரோகம் கண்ட ஒருவரைத் தொட்டுக் கழுவிப் பணிவிடை செய்ததும் உண்மை. அவர் மறைந்த ஜனவரி 30-ந் தேதி இந்தியாவில் தொழுநோய் ஒழிப்பு தினமாக நடைபெறுவதும் உண்மை. யார் சொன்னாலும் சரியைச் சரி என்றும் தப்பைத் தப்பு என்றும் எடுத்துக்கொள்ளுவதே சுயமரியாதைக்காரன் கடமை. மகாத்மா என்பதற்காக அம்மை விஷயத்தில் அவர் சொன்னது சரியாகிவிடாது. அம்மை விஷயத்தில் தவறினார் என்பதற்காகக் குஷ்டரோகி விஷயத்தில் அவர் செய்தது தப்பாகியும் விடாது.

நிற்க. உலக சுகாதார ஸ்தாபனத்தார் 1967-ம் வருஷத்தில் வைசூரியை அடியோடு ஒழிப்பது என்று தீவிரமாக முனைந்தார்கள். அந்த ஒரு வருஷத்தில் மாத்திரம் உலகத்தில் ஒரு கோடிக்கு மேற்பட்டவர்களுக்கு அந்நோய் கண்டு, 20 லட்சம் பேர் வாக்கில் செத்தார்கள் என்று மதிப்பு. அப்பொழுது உலகம் இரண்டு கட்சியாய்ப் பிரிந்து அணுகுண்டைக் காட்டி ஒருவரை ஒருவர் மிரட்டிக்கொண்டிருந்த காலம். அப்படி இருந்தும் இந்தக் காரியத்தில் ரஷ்யாக்காரரும் அமெரிக்காக்காரரும் ஒன்றாய் நின்றார்கள். வைசூரியை ஒழிக்கவேண்டும் என்று 1958-ல் பிரேரேபித்தவர்களே ரஷ்யாக்காரர்கள்தான். இந்தியாவில் 1974-ல் பீகார் முதலிய இடங்களில் வைசூரி தலைவிரித்து ஆடிற்று. ஆயிரக்கணக்கான சுகாதார ஊழியர்கள் கையில் படத்தை வைத்துக்கொண்டு வீடு வீடாய்ப் போய், இப்படிப்பட்ட கொப்புளம் யாருக்காவது கண்டிருக்கின்றதா என்று விசாரித்தார்கள். நோய் இருக்கின்ற வீட்டைக் காட்டிக்கொடுப்பவர்களுக்கு 1000 ரூபாய் வெகுமதி என்று கூட அறிவித்தார்கள். கண்ட இடத்தில் நோயாளியைப் பிரித்து வைத்து, சுற்றியிருந்தவர்களுக்கெல்லாம் ஊசி போட்டார்கள். 1975 மே மாதத்தோடு இந்தியாவில் வைசூரியின் கதை முடிந்தது.

உலகத்திலே இயற்கையாக அந்நோய் கண்ட கடைசி ஆள் ஆப்பிரிக்காவில் சோமாலியா தேசத்து மெர்க்கா ஊரைச் சேர்ந்த அலி மாவ் மாலின் என்பவர். அவர் ஓர் ஆஸ்பத்திரிச் சமையற்காரர். ஊசி வலிக்கும் என்று பயந்து போட்டுக்கொள்ளாமல் இருந்தவருக்கு 1977 அக்டோபரில் நோய் கண்டது. பிழைத்துக்கொண்டார். பிழைத்தவர் கோயில் கட்டவில்லை. பிற்காலத்தில் போலியோச் சொட்டு மருந்து கொடுக்கின்ற வேலையில் சேர்ந்து, "நான் செய்த தப்பை நீங்கள் செய்யாதீர்கள்" என்னும்படியாகத் தம் கதையையே தாய் தகப்பன்மாருக்கு எடுத்துச் சொல்லிவந்து, 2013-ல் அந்த வேலையில் இருக்கும்போதே மலேரியா கண்டு மாண்டார். நாயன்மார் அறுபத்து மூவர் கதையைப் படிக்கின்ற நம் ஜனங்கள் இந்தச் சமையற்காரரின் கதையையும் ஒருதரம் படிக்கவேண்டாமா?

1980-ம் வருஷம் மே மாதம் 8-ந் தேதி, உலகத்தில் வைசூரி இல்லை என்று உலக சுகாதார மகாசபை தீர்மானம் நிறைவேற்றிற்று.

இப்பொழுது நாம் கேட்கின்றோம். வைசூரியைக் கொடுத்தவள் மாரியாத்தாள் என்றால், 1977-க்குப் பிறகு அவள் ஏன் அதைக் கொடுப்பதில்லை? வேலையிலிருந்து நீங்கிப் பென்ஷன் வாங்கிக்கொண்டாளா? பக்தி அதிகமானதால் மனம் குளிர்ந்துவிட்டாள் என்று சொல்லுவதானால், மாரியாத்தாள் என்கின்ற பெயரையே கேட்டறியாத சோமாலியாக்காரனுக்கும் பிரேசில்காரனுக்கும் ஏன் குளிர்ந்தாள்? அவர்கள் என்ன கூழ் ஊற்றினார்கள்? எந்தச் சேற்றைப் பூசினார்கள்? ஆயிரக்கணக்கான வருஷமாக ஊற்றிய கூழுக்கு இறங்காத தெய்வம், பத்து வருஷம் போட்ட ஊசிக்கு இறங்கிப்போயிற்று என்றால், அது தெய்வமா, கிருமியா என்பதை வாசகர்களே யோசித்துக்கொள்ள வேண்டும்.

"அப்படியானால் பெரியோர்கள் வேப்பிலை கட்டியதும், வேற்றாள் வரக்கூடாது என்றதும் வீணா?" என்று சில தோழர்கள் கேட்கக்கூடும். நியாயமான கேள்வியே. வாசலில் வேப்பிலை செருகினால் நோய் கண்ட வீடு என்று பிறருக்குத் தெரியும். பிறர் உள்ளே போகமாட்டார்கள். நோய் பரவுவது அந்த அளவுக்குக் குறையும். அந்த அளவில் அது நல்ல ஏற்பாடுதான். ஆனால் காரணத்தைத் தப்பாகச் சொல்லிக்கொடுத்ததால் பலனும் பாதியில் கெட்டது. வேற்றாள் வந்தால் நோய் ஒட்டும் என்று சொல்லிக்கொடுத்திருந்தால் வைத்தியனை மாத்திரம் உள்ளே விட்டிருப்பார்கள். ஆத்தாள் கோபிப்பாள் என்று சொல்லிக்கொடுத்ததால் வைத்தியனையே முதலில் வெளியே நிறுத்தினார்கள். வீட்டிலே தனித்திரு என்பதும் ஆத்தாள் பெயரால். நோய் ஆறினவுடன் கூட்டம் கூடிய கோயிலுக்கு வா என்பதும் ஆத்தாள் பெயரால். காரணம் தெரியாமல் செய்கின்ற நல்ல காரியம், இருட்டில் நடக்கின்ற நடை போன்றது. ஒரு எட்டு மேட்டில் விழும். மறு எட்டு பள்ளத்தில் விழும்.

வைசூரிதான் போய்விட்டதே, பழைய கதையை ஏன் கிளறவேண்டும் என்பார்கள். வைசூரி போயிற்று, அம்மை என்கின்ற எண்ணம் போகவில்லை. அதுதான் ஆபத்து. மணல்வாரி என்கின்ற தட்டம்மையும், நீர்க்கொளுவான் என்கின்ற சின்னம்மையும் வந்தால், இன்றைக்கும் எத்தனையோ வீடுகளில் "அம்மா வந்திருக்கின்றாள்" என்றே சொல்லுகின்றார்கள். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போவதில்லை. மூன்றாம் தண்ணீர் ஊற்றும்வரையில் காத்திருக்கின்றார்கள். தட்டம்மை சாதாரணமான நோய் அல்ல. அதனால் குழந்தைக்கு நுரையீரலில் சளிக்கட்டு உண்டாகும், மூளைக்காய்ச்சல் வரும், வைட்டமின் ஏ சத்துக் குறைந்த ஏழைக் குழந்தைகளுக்குக் கண்ணே போய்விடும். 2023-ம் வருஷத்தில்கூட உலகத்தில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் தட்டம்மையால் செத்தார்கள். அவர்களில் மிகப் பெரும்பாலோர் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள். இத்தனைக்கும் குழந்தைக்கு ஒன்பது மாதம் முடிந்தவுடன் ஒன்றும், ஒன்றரை வயது வாக்கில் ஒன்றுமாக இரண்டு ஊசி போட்டால் போதும். சர்க்கார் ஆஸ்பத்திரியில் காசு கிடையாது. ஊசி போட்டுக்கொள்ளாமல் நோய் கண்டுவிட்டாலும், டாக்டரிடத்தில் கொண்டுபோனால் வைட்டமின் ஏ கொடுத்துக் கண்ணையும் உயிரையும் காப்பாற்ற வழி இருக்கின்றது. வேப்பிலையை வேண்டுமானால் கட்டிக்கொள்ளட்டும்; பிள்ளையை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதைத் தடுக்க எந்த ஆத்தாளுக்கு என்ன அதிகாரம் இருக்கின்றது என்று கேட்கின்றோம்.

சேற்றைப் பற்றியும் ஒரு வார்த்தை. களிமண் பூசினால் உடம்புச் சூடு தணியும் என்பதாகச் சொல்லுகின்றார்கள். பங்குனி வெயிலில் கொஞ்ச நேரம் குளுமையாய் இருக்கலாம், நாம் மறுக்கவில்லை. ஆனால் மண்ணிலேதான் தனுர்வாதக் கிருமி குடியிருக்கின்றது. உடம்பில் புண்ணோ காயமோ இருக்கின்றவன் சேற்றைப் பூசிக்கொள்ளுவது நோயைத் தடுப்பதாகாது. விலை கொடுத்து வாங்குவதாகும்.

படித்தவர்களுடைய யோக்கியதையையும் பார்க்கவேண்டும். 2017-ம் வருஷம் பிப்ரவரி 6-ந் தேதி முதல் தமிழ்நாட்டில் தட்டம்மை, ரூபெல்லா இரண்டுக்கும் சேர்த்துப் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஊசி போடத் தொடங்கியபோது, அந்த ஊசியால் தீங்கு வரும் என்று வாட்ஸ்அப்பிலே புரளி கிளப்பிவிட்டார்கள். அக்காலத்துப் பாட்டி ஆத்தாளுக்குப் பயந்து பிள்ளையை ஒளித்தாள். இக்காலத்துப் பட்டதாரி கையிலிருக்கும் போனுக்குப் பயந்து பிள்ளையை ஒளித்தான். குறித்த நாளுக்குள் வேலை முடியாமல் கெடுவை நீட்டும்படி ஆயிற்று. படிப்பு வேறு, பகுத்தறிவு வேறு என்பதற்கு இதைவிட வேறு அத்தாட்சி வேண்டுமா? பாட்டியையாவது மன்னிக்கலாம், அவளுக்குப் பள்ளிக்கூடம் வைத்தவர் யாருமில்லை.

கமுதி என்றவுடன் சுயமரியாதைக்காரர்களுக்கு மற்றொரு விஷயமும் ஞாபகத்துக்கு வரவேண்டும். 1897-ம் வருஷத்தில் இதே ஊர் மீனாட்சி சுந்தரேசுவரர் கோயிலுக்குள் நாடார் சமூகத்தார் சிலர் நுழைந்தார்கள் என்பதற்காக, கோயில் தீட்டாகிவிட்டது என்றும், இனி அவர்கள் நுழையக்கூடாது என்றும், சுத்தி செய்யப் பணம் கொடுக்கவேண்டும் என்றும் இராமநாதபுரம் ராஜா பேரால் வழக்குப் போடப்பட்டது. அவ்வழக்கு சீமை வரைக்கும் போய், 1908-ல் பிரிவி கவுன்சிலில் நுழைந்தவர்களுக்கு விரோதமாகவே தீர்ப்பாயிற்று. மனிதன் பட்டால் கல் தீட்டாகும் என்று பெரிய பெரிய சட்ட நிபுணர்கள் உட்கார்ந்து பத்து வருஷத்துக்கு மேல் விசாரித்தார்கள்.

அவ்வழக்குக்குப் பதின்மூன்று வருஷம் முந்தியே, 1884-ல், ராபர்ட் காக் கல்கத்தாவுக்கு வந்து ஒரு குளத்துத் தண்ணீரிலே காலராக் கிருமியைக் கண்டு உலகத்துக்குச் சொல்லிவிட்டார். எது தீட்டு, எது சுத்தம் என்பது அன்றைக்கே வெளியாகிவிட்டது. எல்லா ஜாதியாரும் கால் கழுவிக் குடத்தை முக்குகின்ற தண்ணீரில் தீட்டு இருந்தது. அதைத் தீர்த்தம் என்று உள்ளங்கையில் வாங்கிக் குடித்தார்கள். உழைத்துப் பிழைக்கின்ற மனிதனிடத்தில் தீட்டு இல்லை. அவனைக் கோயிலுக்கு வெளியே நிறுத்தினார்கள். வாந்திபேதிக் கிருமி பூணூல் போட்டவன், போடாதவன் என்று பார்த்து நுழைவதில்லை. வருஷந்தோறும் ஜூன் 14-ந் தேதி உலக இரத்த தான தினம் என்று நடக்கின்றதே, அது இரத்தத்தில் பிரிவுகளைக் கண்டுபிடித்த லாண்ட்ஸ்டைனர் என்பவரின் பிறந்த நாள். இரத்தத்திலே ஏ உண்டு, பி உண்டு, ஓ உண்டு. ஐயர் இல்லை, நாடார் இல்லை, தேவர் இல்லை, பள்ளர் பறையர் இல்லை. ஆபரேஷன் மேஜையின்மேல் கிடக்கும்போது எந்த ஜாதிக்காரன் இரத்தம் என்று யாரும் கேட்பதில்லை. எழுந்து நடமாட ஆரம்பித்தவுடன்தான் ஜாதி திரும்பி வருகின்றது.

இவ்வளவும் சொன்னபின், மற்றொரு பக்கத்தையும் சொல்லாமல் விடுவது நியாயமாகாது. உலக தினங்கள் என்பவையும் நாளடைவில் புதுப் பஞ்சாங்கமாய் மாறிக்கொண்டு வருகின்றன. அஷ்டமி நவமி, அமாவாசை கார்த்திகை என்பது போல, காசநோய் தினம், மலேரியா தினம், புகையிலை எதிர்ப்பு தினம், மஞ்சட்காமாலை தினம், எய்ட்ஸ் தினம் என்று மாதத்துக்கு ஒன்று வருகின்றது. அன்றைக்குப் பள்ளிப் பிள்ளைகளை வெயிலில் நிறுத்தி ஊர்வலம் விடுகின்றார்கள். அதிகாரி ஒருவர் கொடியசைத்துத் தொடங்கி வைக்கின்றார். உறுதிமொழி என்று ஒரு மந்திரம் ஓதப்படுகின்றது. பிள்ளைகள் அர்த்தம் தெரியாமல் திருப்பிச் சொல்லுகின்றன. போட்டோ எடுத்தாகின்றது. மறுநாள் காலையில் அதே பள்ளிக்கூடத்தில் கக்கூசுக்குத் தண்ணீர் இருக்கின்றதா என்று கேட்டால் பதில் சொல்ல ஆளில்லை. இப்படி நடத்துவதற்கும் தேர் இழுப்பதற்கும் என்ன வித்தியாசம்? ஐயர் போய் அதிகாரி வந்தார். மந்திரம் போய் உறுதிமொழி வந்தது என்பதைத் தவிர வேறு வித்தியாசம் நமக்குத் தோன்றவில்லை.

நாளினால் பிரயோஜனமே இல்லை என்று நாம் சொல்லவில்லை. நாளை எப்படி உபயோகிக்கின்றோம் என்பதில்தான் இருக்கின்றது. 1995 முதல் இந்தியாவில் ஒரே நாளில் நாடு பூராவும் சிறு குழந்தைகளுக்குப் போலியோச் சொட்டு மருந்து கொடுத்தார்களே, அது நாளை வேலைக்கு உபயோகித்தது. எந்த வீட்டில் எத்தனை குழந்தை, யாருக்குக் கொடுத்தாயிற்று, யார் பாக்கி என்று சுவரிலே எழுதி, விரலிலே மை வைத்துக் கணக்குப் பார்த்தார்கள். 2011 ஜனவரியில் வங்காளத்தில் ஒரு பெண் குழந்தைக்குக் கண்டதே இந்தியாவில் கடைசியாயிற்று. 2014 மார்ச்சு 27-ந் தேதி போலியோ இல்லாத தேசம் என்று அத்தாட்சியும் கிடைத்தது. அதுவும் பங்குனியில்தான்.

மருந்தும் ஊசியும் இல்லாமல் வெறும் அறிவே ஒரு நோயை ஒழித்த கதையும் உண்டு. நரம்புச் சிலந்தி என்பதாக ஒரு நோய். தமிழ்நாட்டு வறண்ட ஜில்லாக்களிலும் அது இருந்தது. காலில் கொப்புளம் போட்டு முழ நீளத்துக்குப் புழு வெளியே வரும். அதற்கு இன்றுவரைக்கும் மருந்து கிடையாது. நோய் கண்டவன் குடிதண்ணீரில் காலை வைக்கக்கூடாது. குடிக்கின்றவன் தண்ணீரைத் துணியில் வடிகட்டவேண்டும். இவ்வளவுதான் வைத்தியம். இந்த இரண்டு வார்த்தையைக் கிராமம் கிராமமாய்ச் சொல்லி, படிக்கிணறுகளை மாற்றி, குழாய்க்கிணறு போட்டு ஒழித்தார்கள். இந்தியாவில் 1996-ல் கடைசி ஆள், 2000-ல் அத்தாட்சி. 1986-ல் உலகத்தில் 35 லட்சம் பேருக்கு இருந்த நோய் 2023-ல் 14 பேருக்கு மாத்திரம் கண்டது. ஊருணித் தண்ணீரை நம்பியே பிழைத்த இராமநாதபுரம் ஜில்லாக்காரர்களுக்கு இதன் அருமை தெரியும். பிரசாரம் என்பது இதுதான். செய்யக்கூடிய ஒரு காரியத்தைச் சொல்லவேண்டும்; செய்வதற்கு வசதியும் பண்ணிக்கொடுக்கவேண்டும்; செய்தார்களா என்று கணக்கும் பார்க்கவேண்டும்.

காசநோய் விஷயத்தையும் பார்ப்போம். இந்நோயைப் பூர்வஜென்ம பாவம் என்றார்கள். குடும்பத்தைப் பிடித்த சாபம் என்றார்கள். பணக்காரன் மலைப்பிரதேசத்து ஆஸ்பத்திரியில் போய்ப் படுத்துச் சத்துள்ள ஆகாரம் சாப்பிட்டால்தான் பிழைப்பான் என்று டாக்டர்களும் நம்பியிருந்தார்கள். இந்த எண்ணத்தை உடைத்தது நமது சென்னைதான். 1956-ல் சேத்துப்பட்டில் தொடங்கப்பட்ட காசநோய் ஆராய்ச்சி நிலையத்தில், ஆஸ்பத்திரியில் படுக்கவைத்துச் சிலருக்கும், நெருக்கடியான ஏழை வீடுகளிலேயே இருக்கவிட்டுச் சிலருக்கும் ஒரே மருந்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். இரண்டு கட்சியாருக்கும் ஏறக்குறைய ஒரேமாதிரியே குணம் கண்டது. வீட்டிலிருந்தவர்களால் குடும்பத்தாருக்கு நோய் அதிகமாக ஒட்டவுமில்லை. 1959-ல் இம்முடிவு வெளியாகவே, உலகத்தார் வைத்திய முறையையே மாற்றிக்கொண்டார்கள். சென்னைச் சேரி ஏழைகள் உலகத்துக்குக் கொடுத்த பாடம் இது. எந்த ஸ்தல புராணத்திலும் இப்படியொரு மகிமை எழுதியிருக்கக் காணோம்.

அப்படி இருக்க, இன்றைக்கும் உலகத்திலுள்ள காசநோயாளிகளில் ஏறக்குறைய நாலில் ஒருவர் இந்தியாவில் இருக்கின்றார் என்பது நம் எல்லோருக்கும் வெட்கக்கேடு. கமுதி வட்டாரத்தில் சீமைக்கருவேலை வெட்டிக் கரிமூட்டம் போட்டுப் பிழைக்கின்ற தொழிலாளிகள் அநேகர். புகையிலே நிற்கின்றவனுக்கு இருமல் சகஜம் என்று அவனும் இருந்துவிடுகின்றான், மற்றவர்களும் விட்டுவிடுகின்றார்கள். இரண்டு வாரத்துக்கு மேல் இருமினால் சளியைச் சோதிக்கவேண்டும். சோதனையும் இலவசம், மருந்தும் இலவசம். சாதாரணக் காசநோய்க்கு ஆறு மாதம் தவறாமல் மருந்து சாப்பிட்டால் குணமாகும். ஆகாரத்துக்காக 2024 நவம்பர் முதல் மாதம் 1000 ரூபாய் என்றும் சர்க்கார் ஏற்படுத்தியிருக்கின்றது. இதை வாங்கிக்கொள்ளுவது பிச்சையல்ல. நம் வரிப்பணம் நமக்கு வருகின்றது.

ஆனால் ஒன்று. விழிப்புணர்ச்சி விழிப்புணர்ச்சி என்று ஏழைக்கே உபதேசம் செய்வதில் அர்த்தமில்லை. கையைக் கழுவு என்று சொல்லுகின்றவன் தண்ணீருக்கு வழி சொல்லவேண்டும். சத்தான ஆகாரம் சாப்பிடு என்று சொல்லுகின்றவன் கூலியைப் பற்றிப் பேசவேண்டும். ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்கு வருகின்ற தாய்க்கு, டாக்டர் இல்லை நாளைக்கு வா என்று பதில் கிடைத்தால், அவள் மறுதரம் பூசாரியிடத்தில்தான் போவாள். பூசாரி எப்பொழுதும் இருக்கின்றான். மூடநம்பிக்கைக்கு உரம் போடுவது பூசாரி மாத்திரம் அல்ல. ஆளில்லாத ஆஸ்பத்திரியும் உரம் போடுகின்றது. ஆகையால் விழிப்புணர்ச்சி முதலில் வரவேண்டியது அதிகாரிகளுக்கும் மந்திரிகளுக்கும்.

நம் இயக்கத்துக்கு இது புதிய வேலை அல்ல. 1930-களில் "குடி அரசு" கர்ப்பத்தடையைப் பற்றி எழுதியபோது அசிங்கம் என்று முகத்தைச் சுளித்தவர்களுடைய பேரப்பிள்ளைகள் இன்று அதையே குடும்பநலம் என்று கடைப்பிடிக்கின்றார்கள். உடம்பு கடவுள் விட்ட வழி என்பதை மாற்றி, மனிதன் அறிவு விட்ட வழி என்று ஆக்குவதே சுயமரியாதையின் பாதி வேலை.

கமுதித் தோழர்களுக்கு நாம் ஒரு யோசனை சொல்லுகின்றோம். கோயிலுக்குள் விடமாட்டோம் என்று தள்ளப்பட்ட மக்கள், விருதுநகர் முதலிய ஊர்களில் மகமைப் பணத்தைச் சேர்த்துப் பள்ளிக்கூடம் கட்டித் தலைநிமிர்ந்தார்கள். கோர்ட்டிலே கிடைக்காத மரியாதை படிப்பிலே கிடைத்தது. அந்தப் புத்தி இப்பொழுதும் உதவும். அடுத்த பங்குனிக்குக் கூட்டம் கூடத்தான் போகின்றது. கூடுகின்ற கூட்டத்தை நோக்கி நாம் போகவேண்டும். விழா நடக்கின்ற வீதியிலேயே ஒரு பந்தல் போடுங்கள். தட்டம்மை ஊசி போடாத குழந்தை எந்தத் தெருவில் எத்தனை என்று இப்பொழுதே கணக்கெடுங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்து டாக்டரையும் நர்சையும் மரியாதையாய் அழைத்து வந்து உட்காரவையுங்கள். இருமுகின்றவர்களுக்குச் சளிச் சோதனை நடக்கட்டும். சேறு பூசி வருகின்றவரைக் கேலி செய்யாதீர்கள். அவரும் தம் பிள்ளை நன்றாயிருக்கவேண்டும் என்றுதான் வெயிலில் ஆடுகின்றார். எண்ணம் நல்லது; வழிதான் பிசகு. "அண்ணாச்சி, பிள்ளைக்கு ஊசி போட்டாச்சா?" என்று மாத்திரம் கேளுங்கள்.

அடுத்த ஏப்ரல் 7-ந் தேதி கமுதியில் ஊர்வலம் எத்தனை நீளம் என்று யாரும் அளந்துபார்க்க வேண்டியதில்லை. ஊசி போடாத குழந்தை ஊரில் ஒன்றுகூட இல்லை என்று சொல்ல முடிகின்றதா என்பதே கேள்வி. முடியுமானால் அன்றைக்குத்தான் கமுதிக்கு உண்மையான திருவிழா.